அனாமத்துக் கணக்கில் சில முகங்கள்

பி.காம். படித்த மூன்று வருடத்தில் எனக்கு உருப்படியாக மனதில் நின்ற சமாச்சாரம் ஒன்றே ஒன்றுதான். சஸ்பென்ஸ் அக்கவுண்ட். தமிழ் மீடியத்துக்காரர்கள் அதை அனாமத்துக் கணக்கு என்பார்கள். ட்ரையல் பாலன்ஸில் இரண்டு பக்கமும் டேலி ஆகாமல் உதைக்கிறதா? வித்தியாசத் தொகையைத் தூக்கி அதில் போட்டுவிட்டு மேலே போகலாம். பணம் வந்திருக்கிறது, கொடுத்தது யாரென்று தெரியவில்லையா? போடு அனாமத்தில்.

எங்கள் பேராசிரியர் கூடவே ஓர் எச்சரிக்கையும் சொல்வார். "அனாமத்து என்பது குப்பைத் தொட்டி இல்லைடா. தப்பு எங்கே என்று தேடி, ஒவ்வொரு ரூபாயாக அங்கிருந்து எடுத்து, அவனவன் கணக்கில் சேர்க்கிறவரைக்கும் உன் புத்தகம் முடியவில்லை."

இருபத்தைந்து வருடம் கழித்து அந்தப் பாடம் திரும்ப ஞாபகம் வந்ததற்குக் காரணம், அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்துப் பழைய புகைப்படங்கள். கொஞ்சம் பொறுமையாக வாருங்கள். சம்பந்தம் இருக்கிறது.

பிட்ஸ்பர்க் என்றால் உருக்கு. அலகெனி, மொனொங்கஹீலா என்று இரண்டு ஆறுகள் சேர்ந்து ஒஹையோ ஆறாகிற இடத்தில் உட்கார்ந்திருக்கும் ஊர். பக்கத்தில் நிலக்கரி, ஆற்றில் படகு, கரையோரம் மைல் கணக்கில் உருக்காலைகள். ஆண்ட்ரூ கார்னெகி கோடீஸ்வரர் ஆனது இங்கேதான். 1940-களில் எடுத்த சில படங்களில் பட்டப்பகலில் தெருவிளக்கு எரியும். கார்கள் ஹெட்லைட் போட்டுக்கொண்டு போகும். புகை அப்படி.

இந்த ஊரின் சாதாரண ஜனங்களை மூன்று பேர் மூன்று விதமாகப் படம் எடுத்திருக்கிறார்கள். மூன்றையும் அடுத்தடுத்துப் பார்த்தால், ஒரு மனிதனைப் படம் எடுப்பது என்றால் என்ன என்கிற கேள்விக்கு ஒரு பதில் கிடைக்கிறது. எனக்குக் கிடைத்தது.

முதல் ஆள், லூயிஸ் ஹைன். பள்ளி ஆசிரியராக இருந்து புகைப்படக்காரர் ஆனவர். 1907-08-ல் 'பிட்ஸ்பர்க் சர்வே' என்று ஒரு பெரிய ஆய்வு நடந்தது. உருக்காலைத் தொழிலாளிகள் எப்படி வாழ்கிறார்கள், எத்தனை மணி நேரம் வேலை பார்க்கிறார்கள், விபத்தில் செத்தால் குடும்பத்துக்கு என்ன கிடைக்கிறது என்று தோண்டித் துருவி ஆறு தொகுதிகள் போட்டார்கள். அப்போது அங்கே 12 மணி நேர ஷிஃப்ட். பகல் ஷிஃப்டும் இரவு ஷிஃப்டும் மாறுகிற நாளில் தொடர்ந்து 24 மணி நேரம்கூட நிற்க வேண்டியிருக்கும். அந்த ஆய்வுக்காக ஹைன் எடுத்த முகங்கள் இன்றைக்கும் நம்மை நேராகப் பார்க்கின்றன. கோபம் இல்லை, கெஞ்சல் இல்லை. களைப்பு மட்டும்.

ஆனால் பல படங்களின் கீழே எழுதியிருப்பதைப் பாருங்கள். ஸ்லாவ் இனத் தொழிலாளி. இன்ன நாட்டிலிருந்து வந்தவர். இன்ன வேலை பார்ப்பவர். அவ்வளவுதான். ஆய்வுக்கு வேண்டியது வகை, ஆள் இல்லை. ஹைனைக் குறை சொல்ல முடியாது. அவர் நோக்கம் சட்டத்தை மாற்றுவது. பின்னாளில் குழந்தைத் தொழிலாளர்களை எடுத்தபோது பெயர், வயது, கூலி எல்லாம் குறித்துக்கொண்ட மனுஷன் அவர். இருந்தாலும் பிட்ஸ்பர்க் ஆசாமிகள் பலர் 'வகை'யாகவே நின்றுவிட்டார்கள்.

இரண்டாவது ஆள் பெரிய ஆள். டபிள்யூ. யூஜின் ஸ்மித். பின்னால் 1970-களில் ஜப்பானின் மினமாட்டா பாதரசக் கொடுமையை உலகுக்குக் காட்டினாரே, அவரேதான். 'லைஃப்' பத்திரிகையோடு சண்டை போட்டு வேலையை விட்டிருந்த நேரம். 1955-ல் ஸ்டெஃபான் லொராண்ட் என்கிற பத்திரிகை ஆசிரியர் அவரை பிட்ஸ்பர்க்குக்கு அனுப்பினார். ஊரைப் பற்றி ஒரு புத்தகம் வருகிறது. மூன்று வாரம் தங்கி, ஒரு நூறு படம் எடுத்துக்கொடுத்தால் போதும். அவ்வளவுதான் கான்ட்ராக்ட்.

ஸ்மித் மாதக்கணக்கில் தங்கினார். மறுபடி மறுபடி போனார். எடுத்தது சுமார் 17,000 படங்கள்!

நூறு கேட்ட இடத்தில் பதினேழாயிரம். எந்த ஆடிட்டரும் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். கையில் காசு இல்லை, குடும்பம் தத்தளிக்கிறது. கூகன்ஹைம் நிதி இரண்டு தடவை கிடைத்து, அதுவும் கரைந்தது. பெரிய பத்திரிகைகள் வாங்கிப் போடத் தயாராக இருந்தன. லேஅவுட் என் கையில்தான் இருக்க வேண்டும் என்று அடம் பிடித்தார். கடைசியில் ஒரு புகைப்பட ஆண்டு மலரின் 1959 இதழில் சில பக்கங்கள் வந்தன. அதைத் தோல்வி என்றே அவர் நினைத்தார். லொராண்டின் புத்தகம் 1964-ல்தான் வெளியானது. ஸ்மித்தின் பிட்ஸ்பர்க் படங்கள் கணிசமாகத் தொகுக்கப்பட்டு 'ட்ரீம் ஸ்ட்ரீட்' என்கிற பெயரில் புத்தகமானது 2001-ல். அவர் போய்ச் சேர்ந்து இருபத்து மூன்று வருடம் கழித்து.

படங்கள்? அடேயப்பா. ஓர் உருக்காலைத் தொழிலாளியின் முகம், தலையில் ஹெல்மெட், கண்ணில் கறுப்புக் கண்ணாடி, அந்தக் கண்ணாடியில் உலையின் நெருப்பு பிரதிபலிக்கிறது. ஒரு தடவை பார்த்தால் மறக்காது. நான் அதைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, காபி கொண்டுவந்த மனைவி ஒரு நிமிஷம் நின்று பார்த்தாள். "சினிமா ஸ்டில்லா?" என்றாள்.

சரியான விமர்சனம். அந்தப் படத்தில் தெரிவது உருக்கு, நெருப்பு, யந்திர யுகம், மனித உழைப்பு, எல்லாமும். தெரியாதது ஒன்றே ஒன்று, அந்த ஆளின் கண்.

இன்னொரு படம். ஒரு சின்னப் பையன் தெருப்பெயர்க் கம்பத்தைப் பிடித்துத் தொற்றிக்கொண்டிருக்கிறான். போர்டில் 'ப்ரைட் ஸ்ட்ரீட்' என்று தெருவின் பெயர். ப்ரைட் என்றால் பெருமிதம். இன்னொன்றில் 'ட்ரீம் ஸ்ட்ரீட்', கனவுத் தெரு. போர்டுக்குப் பக்கத்தில் ஒரு கார், புல்வெளி. ஏழைப் பேட்டையில் பெருமிதத் தெரு, புகை ஊரில் கனவுத் தெரு. ஸ்மித்துக்கு இந்த முரணில் ஒரு மோகம். நமக்கும் பார்த்தவுடன் 'ஆஹா' என்று வருகிறது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. தெருவுக்குப் பெயர் இருக்கிறது. பையனுக்கு?

மூன்றாவது ஆளிடம் வருவோம். இவர் பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். புகைப்படக் கலையின் பழைய சரித்திரப் புத்தகங்களில் இவரைத் தேடுவது வீண்.

சார்லஸ் ஹாரிஸ். ஊரில் 'டீனி' ஹாரிஸ். 1908-ல் பிட்ஸ்பர்க்கிலேயே பிறந்தவர். ஹில் டிஸ்ட்ரிக்ட் என்று மேட்டில் ஒரு பேட்டை. தெற்கு மாநிலங்களிலிருந்து ஆலை வேலைக்கு வந்த கறுப்பின மக்கள் அங்கே குடியேறினார்கள். யூதர்கள், இத்தாலியர்கள், சிரியாக்காரர்களும் கலந்து இருந்தார்கள். ஜாஸ் கிளப்புகள், சர்ச்சுகள், சலூன்கள், தையற்கடைகள் என்று ராத்திரி பகல் தூங்காத பேட்டை. ஹாரிஸின் பெற்றோர் அங்கே ஒரு ஹோட்டல் நடத்தினார்கள். அண்ணன், 'நம்பர்ஸ்' என்கிற கள்ள லாட்டரியில் பெரிய கை. தம்பியின் கேமராவுக்கு முதல் போட்டது அண்ணன்தான் என்பது குடும்பக் கதை. எல்லா முதலீடும் வெள்ளைப் பணத்தில் தொடங்குவதில்லை.

1930-களின் கடைசியில் ஹாரிஸ் ஒரு ஸ்டூடியோ திறந்தார். கூடவே 'பிட்ஸ்பர்க் கூரியர்' பத்திரிகைக்குப் படம். கூரியர் லேசுப்பட்ட பத்திரிகை இல்லை. கறுப்பின மக்கள் நடத்தி, நாடு முழுக்க வாசிக்கப்பட்ட வாராந்தரி. இரண்டாம் உலகப் போர் சமயத்தில், 1942-ல், 'வெளியே எதிரியை ஜெயிப்போம், உள்ளே நிறவெறியை ஜெயிப்போம்' என்கிற பொருளில் 'டபுள் வி' இயக்கத்தைத் தொடங்கியது அதுதான். வெள்ளைக்காரத் தினசரிகளில் கறுப்பர் படம் வந்தால் பெரும்பாலும் குற்றச் செய்தியில். கூரியரில் வந்தால் கல்யாணம், பட்டமளிப்பு, பேஸ்பால், சர்ச் விழா.

ஹாரிஸுக்கு இன்னொரு பட்டப்பெயர் உண்டு. 'ஒன் ஷாட்'. மேயராக இருந்த டேவிட் லாரன்ஸ் வைத்தது என்பார்கள். மற்ற ஃபோட்டோகிராஃபர்கள் "இன்னும் ஒண்ணு சார், கொஞ்சம் இப்படித் திரும்புங்க சார்" என்று உயிரை எடுக்கும்போது, இவர் வருவார், பெரிய கேமராவைத் தூக்குவார், ஒரு ஃப்ளாஷ், போய்விடுவார். மறு டேக் கிடையாது.

ஒன் ஷாட் ஆசாமி எடுத்துச் சேர்த்தது எத்தனை தெரியுமா? சுமார் 80,000 நெகட்டிவ். நாற்பது வருடம் என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 2,000. நாளைக்கு ஐந்தாறு. ஞாயிற்றுக்கிழமை, தீபாவளி... மன்னிக்கவும், கிறிஸ்துமஸ் உள்பட. ஓர் ஊரின் ஒரு பேட்டையை நாற்பது வருடம் ஓயாமல் ஒரே ஆள் படம் எடுத்திருக்கிறார். இதற்கு இணையாக அதிகம் கிடையாது.

நேர்மையாக ஒன்று சொல்லிவிடுகிறேன். முதலில் பார்த்தபோது எனக்கு ஏமாற்றம்தான். ஸ்மித்தைப் பார்த்த கண்ணோடு ஹாரிஸைப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும். முகத்தில் பளீரென்று ஃப்ளாஷ். நடுவில் கேக், சுற்றிலும் பத்துப் பேர். வரிசையாக நிற்கும் சங்க உறுப்பினர்கள். கைகுலுக்கிக்கொண்டு கேமராவைப் பார்க்கும் பிரமுகர்கள். பெண்ணும் மாப்பிள்ளையும். மறுபடியும் கேக். நிழல், ஒளி, கோணம் என்று புகைப்படக் கலை வகுப்பில் சொல்லித்தருகிற எதுவும் பல படங்களில் இல்லை. இதைவிடப் பெரிய குறையும் உண்டு. உருக்கு நகரத்தின் படத்தில் உருக்கே கம்மி. ஆலைக்குள் எடுத்தவை சில உண்டு, ஆனால் அந்தத் தொழிலாளிகள் இவர் கேமராவுக்குள் பெரும்பாலும் வேலை முடிந்த பிறகுதான் வருகிறார்கள். வறுமையும் கொஞ்சம் ஓரத்தில்தான். கூரியர் வாசகர்கள் தங்களை எப்படிப் பார்க்க ஆசைப்பட்டார்களோ அப்படி எடுத்தார் என்று ஒருவர் குற்றம் சாட்டினால், மறுக்க முடியாது.

அந்த நேரம் பார்த்து மனைவி மறுபடி எட்டிப் பார்த்தாள். காலி டம்ளரை எடுக்க. திரையில் ஒரு குழுப் படம். "யாருங்க இவங்கல்லாம்? யார் வீட்டுக் கல்யாணம்?" என்றாள்.

கவனித்தீர்களா? அங்கே 'சினிமா ஸ்டில்லா?' இங்கே 'யாருங்க இவங்கல்லாம்?' எனக்கு அந்தக் கேள்வியில்தான் ஹாரிஸ் பிடிபட்டார்.

ஸ்மித் படத்தைப் பார்த்து யாரும் 'இது யார்' என்று கேட்பதில்லை. படமே 'இவர்தான் உழைப்பாளி' என்று பதில் சொல்லிவிடுகிறது. ஹாரிஸ் படத்தில் இருக்கிறவர் எதற்கும் சின்னம் இல்லை. அவர் அவர்தான். அதனால் பெயர் கேட்கத் தோன்றுகிறது. போஸ் கொடுக்கிறார்களே, அது செயற்கை இல்லையா என்பீர்கள். யோசித்துப் பாருங்கள். வாரம் ஆறு நாள் யாரோ இட்ட வேலையை, யாரோ சொன்ன உடுப்பில் செய்கிறவருக்கு, ஏழாவது நாள் தொப்பியைச் சரியாக வைத்துக்கொண்டு, ஷூ பளபளக்க, 'நான் இப்படித்தான் தெரிய வேண்டும்' என்று நிற்கிற அந்த ஒரு விநாடி மட்டும்தான் சொந்தம். வேலை நேரத்தில் அசந்திருக்கும்போது பிடிப்பது நிஜம், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நிற்பது பொய் என்று நமக்கு யார் சொன்னது? ஒரே ஷாட்டில் முடித்துவிட்டுப் போகிற ஆள், அந்த விநாடியை அவர்கள் இஷ்டத்துக்கு விட்டுவிடுகிறார். திருத்துவதில்லை.

பிரபலங்களையும் எடுத்திருக்கிறார். டியூக் எலிங்டன், லீனா ஹார்ன். 1963-ல், அப்போது இன்னும் காஷியஸ் க்ளேயாக இருந்த முகமது அலி, தன் அம்மாவை அலாக்காகத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும் படம் ரொம்பப் பிரசித்தம். விசேஷம் என்னவென்றால், பிரபலத்துக்கு ஒரு வெளிச்சம், முடிதிருத்துபவருக்கு ஒரு வெளிச்சம் என்று இவரிடம் கிடையாது. எல்லோருக்கும் ஒரே ஃப்ளாஷ், ஒரே ஷாட். 1940-களின் முதல் பாதியில் எடுத்த ஒரு படத்தில், பத்திரிகைக் கடையில் ஒரு சின்னப் பெண் காமிக்ஸில் மூழ்கிக் கிடக்கிறாள். அதே மரியாதைதான் அவளுக்கும்.

இப்போது கதையில் புல்டோசர் வருகிறது.

ஸ்மித்தை அழைத்துவந்தது எதற்கு என்று சொன்னேன். ஊரைப் பற்றிய புத்தகத்துக்கு. 1940-களின் கடைசியிலிருந்து பிட்ஸ்பர்க் தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருந்தது. புகைக் கட்டுப்பாடு, புதுப் பூங்கா, கண்ணாடிக் கட்டடங்கள். 'மறுமலர்ச்சி' என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். புகை போனது நிஜமாகவே நல்ல காரியம். ஆனால் அதே மறுமலர்ச்சியின் அடுத்த அத்தியாயத்துக்கு இடம் தேவைப்பட்டது. மேட்டுப் பேட்டையின் கீழ்ப்பாதி, லோயர் ஹில், கண்ணில் பட்டது. 1956-ல் இடிக்க ஆரம்பித்தார்கள். சுமார் 1,300 கட்டடங்கள். சுமார் 400 கடை கண்ணிகள். சுமார் 8,000 பேர் மூட்டை கட்டினார்கள். அந்த இடத்தில் திறந்து மூடும் கூரையோடு ஒரு பிரம்மாண்ட அரங்கம் 1961-ல் வந்தது. மிச்சமிருந்த ஜனங்கள் 1960-களில் ஒரு தெருமுனையில் பெரிய போர்டு வைத்தார்கள். இதற்கு மேல் ஓர் அடி வராதே என்று. அங்கேதான் இடிப்பு நின்றது. ஐம்பது வருடம் கழித்து அந்த அரங்கத்தையும் இடித்துவிட்டார்கள், 2012-ல்.

ஹில்லில் பிறந்து வளர்ந்த நாடக ஆசிரியர் ஆகஸ்ட் வில்சன் இந்தப் பேட்டையை வைத்தே ஒன்பது நாடகங்கள் எழுதினார். அது ஒரு சாட்சி. இன்னொன்று ஹாரிஸின் நெகட்டிவ்கள். எந்த முனையில் எந்தக் கடை, எந்தப் படிக்கட்டில் யார் உட்கார்ந்து அரட்டை அடித்தார்கள் என்பதற்கு வேறு ருசு இல்லை. கேக் படம், கல்யாணப் படம் என்று நான் உதட்டைப் பிதுக்கினேனே, அந்தக் கேக்குக்குப் பின்னால் இருக்கும் சுவர் இன்றைக்கு இல்லை. இடிந்துபோன ஒரு பேட்டையின் பத்திரப்பதிவு ஆபீஸ் அந்த நெகட்டிவ் பெட்டிகள்.

அதுவும் கிட்டத்தட்டக் கைநழுவிப் போனது. 1986-ல் வயதான ஹாரிஸ் ஓர் உள்ளூர் வியாபாரியிடம் பெட்டிகளைக் கொடுத்தார். கையில் சொற்பத் தொகை, மீதிக்கு ராயல்டி என்று வாக்கு. வர வேண்டியது ஒழுங்காக வரவில்லை என்று கடைசிக் காலத்தில் கோர்ட்டுக்குப் போனார். 1998-ல் இறந்தும்போனார். வாரிசுகள் விடாமல் நடத்தி மீட்டார்கள். 2001-ல் பிட்ஸ்பர்க்கின் கார்னெகி கலை அருங்காட்சியகம் அத்தனையையும் வாங்கியது. ஆமாம், உருக்கு முதலாளி கார்னெகி தொடங்கிய அதே ஸ்தாபனம்தான். ஸ்மித்தின் புத்தகம் வந்ததும் அதே 2001.

பெட்டியைத் திறந்தால் அடுத்த தலைவலி. ஹாரிஸ் எழுதிவைக்கிற ரகம் இல்லை. பெரும்பாலான நெகட்டிவ்களில் யார், எங்கே, எப்போது, ஒன்றும் கிடையாது. எண்பதாயிரம் சொச்சம் படமும் அனாமத்தில்!

அருங்காட்சியகம் செய்த காரியம்தான் எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த இடம். பெரிய கலை விமர்சகர்களைக் கூப்பிட்டு ஆராயவில்லை. 2003-லிருந்து, அடையாளம் தெரியாத படங்களைச் சுவரில் மாட்டி, ஜனங்களைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். இது யார், தெரியுமா? தெரிந்தவர்கள் வந்தார்கள். 'இது எங்க அத்தை', 'இந்தக் கடை எங்க தாத்தாவோடது' என்று ஒவ்வொரு முகமாக அவரவர் கணக்குக்கு மாற்றும் வேலை. முதியவர்களின் பேச்சைப் பதிவு செய்தார்கள். இந்தச் சேகரிப்பைக் கவனிக்கும் ஆவணக்காப்பாளர்களில் ஒருவரை, அவர் சிறுமியாக இருந்தபோது ஹாரிஸே படம் எடுத்திருக்கிறார். இதைவிட வேறு தகுதிச் சான்றிதழ் வேண்டுமா?

இன்று அந்தப் படங்களில் பெரும்பகுதியை அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். படத்தைவிட நான் அதிகம் ரசித்தது அதன் தலைப்புகளை. நீள நீளமாக இருக்கும். இடமிருந்து வலம், முதல் வரிசை, இவர், இவர், தொப்பி போட்டவர் இவர். நடுநடுவே ஒரு சொல் திரும்பத் திரும்ப வரும். 'ஒருவேளை'. ஒருவேளை இன்னாராக இருக்கலாம். ஒருவேளை இந்தத் தெருவாக இருக்கலாம். தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதாத நேர்மை அது. கவித்துவமாக 'காத்திருப்பு', 'ஏக்கம்' என்றெல்லாம் தலைப்பு வைத்து மூடிமறைக்காமல், 'ஒருவேளை' என்று கணக்கைத் திறந்து வைத்திருக்கிறார்கள். அந்தக் காமிக்ஸ் சிறுமியின் படத்துக்கு நான் பார்த்த தலைப்பில் பெயர் இல்லை. கடை, காமிக்ஸ், சிறுமி. அவ்வளவுதான். ஊரில் யாராவது ஒரு பாட்டி ஒருநாள் வந்து 'இது நான்தான்' என்று சொல்வதற்கு இடம் விட்டிருக்கிறது.

சிலர் கேட்கலாம். கலை என்றால் பெயரைத் தாண்டியதுதானே? சிற்பி பெயர் தெரியாத சிற்பங்களை நாம் ரசிக்கவில்லையா? ரசிக்கிறோம். ஆனால் புகைப்படத்தில் விவகாரம் தலைகீழ். எடுத்தவர் பெயர் பத்திரமாக இருக்கும். காணாமல் போவது எடுக்கப்பட்டவர் பெயர். பெரிய புகைப்படக்காரரின் படமாக இருந்தால் அதுவே ஓர் அழகாகவும் ஆகிவிடும். 'பெயர் தெரியாத தொழிலாளி' என்று சொல்லும்போது நம் குரல் தானாகவே கொஞ்சம் தழுதழுக்கும். அந்தத் தழுதழுப்பு நமக்குச் சுகம், அவருக்கு என்ன லாபம்? அவர் பெயர் ஒன்றும் தெரியாதது இல்லை. அவர் பெண்டாட்டிக்குத் தெரியும், சம்பளப் பட்டியலில் இருந்தது, மளிகைக் கடைக் கடன் நோட்டிலும் இருந்திருக்கும். நாம் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

ஸ்மித்தின் பதினேழாயிரமும் வீண் என்று நான் சொல்ல வரவில்லை. உலையின் சூட்டை அவரைப் போல யாரும் காட்டியதில்லை. ஒரு நகரத்தையே ஒரே படைப்புக்குள் அடைத்துவிடலாம் என்று ஒரு மனிதன் பைத்தியமாகத் திரிந்த சாட்சி அது. அதற்குத் தலை வணங்கலாம். ஆனால் பிட்ஸ்பர்க்கில் இருந்த ஒரு மனிதரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் நான் ஹாரிஸிடம்தான் போவேன். ஸ்மித் ஊரைப் பார்த்தார். ஹாரிஸைப் பார்த்து ஊர் தொப்பியைச் சரிசெய்துகொண்டது.

இதை எழுதிவிட்டு, சும்மா இருக்க முடியாமல், பீரோ மேலிருந்த எங்கள் வீட்டு பிஸ்கட் டப்பாவை இறக்கினேன். பழைய படங்கள் எல்லாம் அதில்தான். ஒரு குரூப் ஃபோட்டோ. ஏழு பேர். அப்பா இருக்கிறார், பெரியப்பா இருக்கிறார், இன்னும் இரண்டு பேரை எனக்குத் தெரியும். மற்ற மூன்று பேர் யார்? கோட்டு போட்டுக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, ரொம்ப நிச்சயமாக என்னைப் பார்க்கிறார்கள். பின்னால் திருப்பினேன். ஸ்டூடியோ முத்திரை மட்டும் இருக்கிறது.

அம்மாவுக்கு எண்பது ஆகப்போகிறது. மத்தியானம் தூங்கி எழுந்ததும் கேட்க வேண்டும். மென்மையான பென்சில் ஒன்று சீவி வைத்திருக்கிறேன்.